வெறுங்கண்ணா, பைனாகுலரா, டாப்சோனியனா, கேமராவா: கொங்கு வானத்துக்கு எது தோது?

2024 அக்டோபரில் சுசின்ஷான்–அட்லாஸ் வால்வெள்ளி அந்திக்குப் பிறகு மேற்கே இறங்கியபோது, மேகம் விலகிய ஒன்றிரண்டு மாலைகளில் அதைப் பார்த்துவிட்டவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். பார்த்தவர்களில் சிலர் அதோடு விடவில்லை. "அடுத்தது வந்தா நானே கவனிச்சு, ஆராய்ச்சிக்கு உதவற மாதிரி எழுதி அனுப்பணுங்க. அதுக்கு என்ன வாங்கறது?" என்று கேட்டார்கள்.

கேட்டவர்களில் மூன்று பேரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், வாடகை வீட்டுக்கு மேலே மொட்டைமாடி இருக்கிறது. இன்னொருவர் பொள்ளாச்சிப் பக்கம் பள்ளி ஆசிரியை, வீட்டில் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா பீரோவில் தூங்குகிறது. மூன்றாமவர் மூலனூர்ப் பக்கத்து விவசாயி. மும்முனை கரண்ட் ராத்திரி எத்தனை மணிக்கு வருகிறதோ அப்போது எழுந்து மோட்டார் போடப் போகிறவர். மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

கடையில் சொல்லும் உருப்பெருக்கக் கணக்கை இப்போதைக்கு மறந்துவிடலாம். பதிவு அனுப்பும் வேலைக்கு நான் பார்ப்பவை நான்கு.

முதலாவது, எவ்வளவு மங்கலான பொருள் வரை எட்ட வேண்டும். விண்பொருளின் பிரகாசத்தைப் பொலிவெண்ணால் குறிக்கிறோம். எண் கூடக்கூட மங்கல். ஐந்து எண் வித்தியாசம் என்றால் பிரகாசத்தில் நூறு மடங்கு வித்தியாசம். இந்தக் கணக்கை 1856-இல் வகுத்த நார்மன் போக்சன் பிற்பாடு சென்னை வானாய்வகத்தின் பொறுப்புக்கு வந்தார். அவரிடம் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். தமிழ்நாட்டுக்கு இது பழகிய வேலைதான்.

இரண்டாவது, அந்தக் கருவி வருடத்தில் எத்தனை இரவு வீட்டை விட்டு வெளியே வரும். மற்ற மூன்றையும்விட இதைத்தான் நான் மேலே வைக்கிறேன். ஒளி மாறும் விண்மீனை ஒரு ராத்திரி பார்த்தால் வரைபடத்தில் ஒரு புள்ளி. முப்பது ராத்திரி பார்த்தால்தான் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். நம் வானமோ வருடம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் மேகமும் ஓடிக்கொண்டே இருக்கும், மழை மட்டும் பெயராது. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை. மார்கழிக் கடைசியிலிருந்து சித்திரை வரைதான் நமக்குப் பொற்காலம். அதில் நிலா வெளிச்சம் போக மிஞ்சுகிற இரவுகளை வீணாக்காத கருவி வேண்டும்.

மூன்றாவது, எடுத்த பதிவு யாருக்காவது பயன்படுமா. ஒளி மாறும் விண்மீன்களின் பதிவுகளை 1911-இல் தொடங்கிய ஏஏவிஎஸ்ஓ என்ற அமெரிக்க அமைப்பு உலகம் முழுவதிலிருந்தும் வாங்கிச் சேர்க்கிறது. பட்டம் எதுவும் கேட்பதில்லை. வால்வெள்ளிகளின் பிரகாசத்தைச் சேகரிக்க ஸ்லோவேனியாவிலிருந்து நடத்தப்படும் கோப்ஸ் என்ற தரவுத்தளம் இருக்கிறது. "அவ்வளவு பெரிய தானியங்கி டெலஸ்கோப்பெல்லாம் இருக்கும்போது நம்ம பதிவு எதுக்குங்க?" என்று ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. வானம் முழுவதையும் துழாவும் அந்தக் கேமராக்கள் மங்கலானவற்றுக்காகச் செய்யப்பட்டவை. அமெரிக்காவின் பலோமார் மலையிலிருந்து வானத்தைத் துழாவும் ஸ்விக்கி (Zwicky) கேமராவுக்குச் சுமார் 12-ஆம் பொலிவெண்ணைவிடப் பிரகாசமான விண்மீன்கள் அளக்க முடியாதபடி கூசிவிடும். கண்ணுக்கும் பைனாகுலருக்கும் தெரிகிற விண்மீன்களை மாதக்கணக்கில் விடாமல் பின்தொடர்வது பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள் கையில்தான் இன்னும் இருக்கிறது.

நான்காவது காசு. பில்லில் வருவதும், பில்லில் வராததும். (கீழே வரும் டாப்சோனியன் என்பது தரையில் வைத்துக் கையால் திருப்பும், லென்ஸுக்குப் பதில் குழி ஆடி வைத்த டெலஸ்கோப்.)

| வழி | இருண்ட வானில் எட்டும் பொலிவெண் (சுமாராக) | அளவையில் வரும் பிழை | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|
| வெறுங்கண் | 6 | 0.2 – 0.3 | தூக்கம் மட்டும் |
| 10×50 பைனாகுலர் | 9 | 0.1 – 0.3 | முக்காலி, பூஞ்சைக் காப்பு |
| 8 அங்குல டாப்சோனியன் | 13 | 0.1 – 0.3 | வண்டி, இடம், துணைக்கு ஆள் |
| டிஎஸ்எல்ஆர், முக்காலி | 8 – 9 | 0.02 – 0.05 | கணினி நேரம் |
| தானியங்கிச் சிறு டெலஸ்கோப் | 13 – 14 | 0.02 – 0.1 | கணினி நேரம், பேட்டரி |

## வெறுங்கண்

காசே இல்லாத வழி என்று இதை இளப்பமாக நினைக்க வேண்டாம். 2019 கடைசியில் திருவாதிரை விண்மீன் மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் 1.6 வரை இறங்கியது. வழக்கமாக 0.5-ஐ ஒட்டி இருப்பது அப்படி இறங்கினால் வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று தெரியும். அந்தச் சரிவைக் காட்டும் வரைபடத்தில் வெறுங்கண்ணால் மதிப்பிட்டவர்களின் புள்ளிகளும் இருக்கின்றன.

மதிப்பிடும் முறை எளிது. தை மாத முன்னிரவில் திருவாதிரையைப் பாருங்கள். ரோகிணி 0.9, புரோசியான் 0.4. இரண்டுக்கும் நடுவில் திருவாதிரை எந்த இடத்தில் நிற்கிறது? சரிபாதி என்று பட்டால் 0.6 அல்லது 0.7. அவ்வளவுதான். ஆனால் சிவப்பு விண்மீனை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றால் நேரம் ஆக ஆக அது பிரகாசமாகிக்கொண்டே போவதுபோல் கண் ஏமாற்றும். சட்டென்று பார்த்துச் சட்டென்று கண்ணை எடுத்துவிட வேண்டும். மூன்று விண்மீனும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும்போது பார்ப்பது இன்னும் நல்லது. அடிவானத்துக்குப் பக்கத்தில் இருப்பது தூசியால் மங்கித் தெரியும்.

அல்கோல் என்ற விண்மீன் இன்னொரு நல்ல பாடம். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு முறை 2.1-இலிருந்து 3.4-க்கு இறங்கி மேலே வரும். ஒரு விண்மீன் இன்னொன்றை மறைக்கும் கிரகணம் அது. பெரிய விளக்குகள் சூழ்ந்த ஊரிலும் தெரியும். வால்வெள்ளிக்கு மட்டும் வெறுங்கண்ணை நம்பி உட்கார முடியாது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் வால்வெள்ளி சில வருடங்களுக்கு ஒருமுறைதான் வரும்.

## பைனாகுலர்

என் கை தானாக நீளுவது இதன் பக்கம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு நல்ல 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மிமீ) பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். 7×50 இருந்தாலும் சரி. 20×80 மாதிரி பெரியதை முதலில் வாங்காதீர்கள், கையில் பிடித்தால் விண்மீன் பூச்சி மாதிரி துள்ளும்.

மக நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் மேற்கே ஆர் லியோனிஸ் என்ற சிவந்த விண்மீன் இருக்கிறது. சுமார் 310 நாளில் ஒரு சுற்று. உச்சத்தில் வெறுங்கண்ணுக்கே தட்டுப்படும் அளவு, அடிமட்டத்தில் பைனாகுலருக்கும் எட்டாமல் 11-க்குப் போய்விடும். அதன் பக்கத்திலேயே இரண்டு விண்மீன்கள் சேர்ந்து ஒரு சின்ன முக்கோணம் போடுகின்றன: 18 லியோனிஸ் 5.6, 19 லியோனிஸ் 6.4. ஏஏவிஎஸ்ஓ வரைபடத்தில் இவை 56, 64 என்று இருக்கும். புள்ளி வைத்தால் அதையும் ஒரு விண்மீன் என்று நினைத்துவிடுவோம் என்பதற்காகவே புள்ளியை விட்டுவிடுகிறார்கள். ஆர் லியோனிஸ் இரண்டுக்கும் நட்ட நடுவில் இருந்தால் 6.0. முக்கோணத்தைக் கண்டுபிடிக்க முதல் நாள் எனக்கு அரைமணி நேரம் ஆனது. ஒரு வாரத்தில் அரை நிமிடமாகிவிட்டது. பத்து நாளுக்கு ஒரு முறை பார்த்தால் போதும், அதற்குமேல் அவசரம் இல்லாத விண்மீன்.

வால்வெள்ளிக்கு வந்தால் பைனாகுலருக்கு ஒரு தனிப் பலம். வால்வெள்ளி புள்ளியாகத் தெரியாது, பஞ்சுப்பொதி மாதிரி பரவித் தெரியும். டெலஸ்கோப் பெரிதாக ஆக, அதன் வெளி விளிம்பு கண்ணுக்குத் தப்பிவிடும், மொத்தப் பிரகாசத்தைக் குறைத்து மதிப்பிடுவோம். அதனால்தான் அனுபவசாலிகள் வால்வெள்ளி தெரியக்கூடிய மிகச் சிறிய கருவியில் பார் என்கிறார்கள். செய்முறை இப்படி: வால்வெள்ளியைக் கூர்மையாகப் பார்த்து அதன் சராசரிப் பிரகாசத்தை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பக்கத்து விண்மீனுக்குத் திருப்பி, அதுவும் அதே அகலத்துக்குப் பஞ்சாகும் வரை குவியத்தைக் கலைக்க வேண்டும். இப்போது இரண்டில் எது பிரகாசம் என்று மனக்கண்ணில் ஒப்பிடுவது. முதல் பத்து முறை எரிச்சலாக வரும். பிறகு கை பழகிவிடும்.

இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஜெஸ்ஸூரில் அரசாங்கக் கருவூலத்தில் சின்ன வேலையில் இருந்த ராதாகோவிந்த சந்திரா, பைனாகுலரும் 3 அங்குல டெலஸ்கோப்புமாகத் தொடங்கி ஏஏவிஎஸ்ஓவுக்கு அனுப்பிய பதிவுகள் 37,000-க்கு மேல். அவர் உழைப்பைப் பார்த்து அந்த அமைப்பு 6 அங்குல டெலஸ்கோப் ஒன்றைக் கடனாக அனுப்பியது. பின்னாளில் அது வானியலாளர் வைணு பாப்புவின் கைக்கு வந்து காவலூர் வானாய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பகலெல்லாம் ஆபீஸ், ராத்திரி வானம் என்று இருந்தவர் அவர். நம்மில் பெரும்பாலோர் நிலைமையும் அதுதான்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று முக்காலியும் அதில் மாட்டும் எல் வடிவப் பட்டையும். கழுத்து வலிக்கு மருத்துவச் செலவைவிட மலிவு. இன்னொன்று பூஞ்சை. வால்பாறை, ஆனைமலை அடிவாரம், பொள்ளாச்சித் தோப்புகள் எல்லாம் ஈரம். தோல் உறையில் மூடி வைத்தால் ஒரே மழைக்காலத்தில் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும்.

## 8 அங்குல டாப்சோனியன்

இதன் வழியாக முதல் முறை பார்க்கும் எவரும் அசந்து போவார்கள், நானும் அசந்தேன். விலை அரை லட்சத்தைத் தாண்டும். காங்கேயத்துக்குத் தெற்கே சொந்தக்காரர் கொறங்காட்டில் மச்சானோடு ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினோம். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே நாலைந்து வெள்வேல மரம், மாடுகள் ஒரு மூலையில் அசை போட்டுக்கொண்டிருந்தன. நாலு பக்கமும் அடிவானம் தரையைத் தொட்டது. கொங்கு நாட்டில் இதைவிட நல்ல வானாய்வு மைதானம் வேண்டியதில்லை. தெற்கே ஈட்டா கரீனே என்ற விண்மீன் வரை இறங்கிப் பார்க்க முடிந்தது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் பெரும்பாலோருக்கு அது அடிவானத்துக்குக் கீழே. நம் அட்சரேகை 11 பாகை என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

ஒரு மணிக்கெல்லாம் பனி இறங்கி, குறிபார்க்கும் சின்னக் குழாயின் லென்ஸ் வெளுத்துவிட்டது. மச்சான் துண்டால் துடைக்க வந்தார். பதறிப்போய்த் தடுத்தேன். கீறல் விழுந்துவிடும். திரும்பி வரும்போது அவர் கேட்டார்: "இத்தனையையும் தூக்கிட்டு வருசத்துக்கு எத்தனை நாளைக்கு வருவீங்க மச்சான்?"

வருடக் கடைசியில் நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். டாப்சோனியனோடு 11 இரவுகள். பைனாகுலரோடு 74.

அதற்காக இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இது மட்டுமே செய்யும் வேலைகள் உண்டு. எஸ்எஸ் சிக்னி என்ற விண்மீன் சாதாரணமாக 12-இல் படுத்திருக்கும். ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை திடீரென்று வெடித்து 8-க்கு எழும்பும். யூ ஜெமினோரம் இன்னும் மங்கலிலிருந்து எழும்புவது. இவை எழும்பிய முதல் ராத்திரியைப் பிடிப்பவருக்கு மதிப்பு அதிகம். எழும்பாத ராத்திரியில் "13.1-ஐவிட மங்கல், தெரியவில்லை" என்று எழுதி அனுப்புவதும் முழுப் பதிவுதான். அதேபோல 10-க்கு மேல் மங்கிவிட்ட வால்வெள்ளிகள் பைனாகுலரைக் கைவிட்ட பிறகு இதற்குத்தான் தெரியும்.

செலவுக் கணக்கில் வண்டி, இடம், துணை ஆள், கண்ணாடிகளை அடிக்கடி நேராக்கும் பொறுமை, ஆடிக் காற்றின் புழுதி எல்லாம் சேரும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் ஏன் நிற்கின்றன என்று யோசித்தால் போதும். அந்த மாதங்களில் நீளக் குழாய் பாய்மரம் மாதிரி ஆடும். சொந்தத் தோட்டத்துச் சாளையிலேயே நிரந்தரமாக வைத்து, தள்ளிக்கொண்டு வெளியே எடுக்க முடிந்தவர் தாராளமாக வாங்கலாம். டவுனில் குடியிருந்துகொண்டு வாரக் கடைசியில் ஓட்டிப் போகலாம் என்று நினைப்பவர் இரண்டு வருடம் பைனாகுலரில் கழித்துவிட்டு வரட்டும்.

## டிஎஸ்எல்ஆர் கேமரா

ஆசிரியைக்கு என் பதில், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்பதே. 50 மிமீ லென்ஸ், ஒரு முக்காலி, ராவ் கோப்பு (கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் மூலப் படம்), ஐந்து வினாடி போல எக்ஸ்போஷர், கொஞ்சம் குவியத்தைக் கலைத்து எடுப்பது. குவியத்தைக் கலைத்தால் விண்மீனின் ஒளி பல பிக்சல்களில் பரவி அளவை நிதானமாகும். பச்சை நிறப் பிக்சல்களை மட்டும் பிரித்து அளந்தால் வானியலில் பிரகாசத்தை அளக்க வழக்கமாகப் பயன்படும் வி என்ற நிறப் பட்டைக்கு அருகில் வரும். முறையாகச் செய்தால் கண்ணைவிடப் பத்து மடங்கு துல்லியம். டெல்டா செஃபை என்ற விண்மீன் 5.37 நாளில் ஏறி இறங்குவதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே வரைபடமாக வரைந்துவிடலாம். ஒரு வகுப்புக்கு இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியாது.

வால்வெள்ளிக்கு மட்டும் எச்சரிக்கை. படத்தில் வால் அழகாக விழும், ஆனால் மொத்தப் பிரகாசத்தை அளக்கும்போது கண் பார்ப்பதைவிட மங்கலான எண் வந்துவிடுவது வழக்கம். படத்தின் பலம் வேறு இடத்தில். வைணு பாப்பு 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது பாப்பு–போக்–நியூகிர்க் வால்வெள்ளி அகப்பட்டது ஒரு ஒளிப்படத் தகட்டில்தான்.

பொள்ளாச்சியில் இன்னொரு சிக்கல் தென்னை. வால்வெள்ளிகள் பிரகாசமாக இருக்கும் நாள்களில் பெரும்பாலும் சூரியனுக்குப் பக்கத்தில், அடிவானத்தை ஒட்டியே இருக்கும். தோப்புக்குள் வீடு என்றால் மேற்கும் கிழக்கும் அடைத்துவிடும். பள்ளியின் மேல்மாடிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வது லென்ஸ் வாங்குவதைவிட முக்கியம். மற்றபடி செலவெல்லாம் கணினி முன்னால் உட்காரும் மணிகள். ஒரு மணி நேரம் படம் எடுத்தால் ஒரு மாலை முழுக்க அளவை செய்ய வேண்டியிருக்கும்.

## தானியங்கிச் சிறு டெலஸ்கோப்

சீஸ்டார் எஸ்50 போன்றவை. 50 மிமீ லென்ஸும் கேமராவும் மோட்டாரும் ஒரே பெட்டியில், இரண்டரைக் கிலோ. செல்போனில் பெயரைத் தட்டினால் தானே திரும்பிப் பத்து வினாடிப் படங்களை எடுத்து அடுக்கும். கண்ணால் எட்டிப் பார்க்க ஒன்றும் இருக்காது. அது எனக்கு ஒரு குறைதான். ஆனால் திருப்பூர் நண்பருக்கு நான் சிபாரிசு செய்தது இதையே. டையிங், நிட்டிங், ரோட்டு எல்இடி எல்லாம் சேர்ந்து அவர் மாடியில் மூன்றாம் பொலிவெண் விண்மீனைக்கூடத் தேட வேண்டியிருக்கிறது. பைனாகுலரில் வானம் சாம்பலாகத் தெரியும். அந்த வெளிச்சத்தைக் கழித்துவிட்டு அளக்க அடுக்கிய படத்தால் முடியும், கண்ணால் முடியாது. எட்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்து பெட்டியை வைத்துவிட்டுச் சாப்பிடலாம்.

விலை அரை லட்சத்தை ஒட்டியோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ வரும். மிகப் பிரகாசமான விண்மீன்களில் பிக்சல் நிரம்பிவிடும், ஆகவே திருவாதிரைக்கு இது உதவாது. ஒளியின் அளவை அப்படியே வைத்திருக்கும் ஃபிட்ஸ் கோப்புகளைச் சேமிக்கச் சொல்லி அமைக்காவிட்டால் கையில் மிஞ்சுவது அழகான படம் மட்டுமே, அளக்க எதுவும் இருக்காது. வாங்கிய முதல் நாளே அந்த அமைப்பைப் போட்டுவிட வேண்டும். அளக்க அஸ்டாப் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

தூர தேசத்து டெலஸ்கோப்பை இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் வழியும் உண்டு. நிமிடக் கணக்கில் காசு. வானத்தைப் பழகாதவருக்கு இப்போதைக்கு அது வேண்டாம்.

## எதை எடுத்தாலும், நேரம் குறிப்பது

எங்கள் அப்பாரு 1970-இல் பென்னட் வால்வெள்ளியைப் பார்த்தவர். விடியற்காலை தண்ணி முறைக்குப் போனபோது கிழக்கே "நாலு சாண் வாலோட" நின்றது என்பார். அதை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுத்ததில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, வால் எந்த விண்மீன் வரை நீண்டது என்று அவரிடம் கேட்டு ஒன்றும் பெயரவில்லை. எழுதி வைக்க யாரும் சொல்லித் தரவில்லை.

பதிவுகள் உலக நேரத்தில் போக வேண்டும், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிக்க வேண்டும். விடிகாலை 5.30-க்கு முன்னால் பார்த்தது முந்தைய தேதியில் விழும். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். வானியலில் நாளை எண்ணும் ஜூலியன் நாள் உலக நேரம் பகல் 12-க்கு, அதாவது நமக்கு மாலை 5.30-க்கு மாறுகிறது. ஆகவே நம்முடைய ஒரு முழு இரவும் ஒரே ஜூலியன் நாளுக்குள் அடங்கிவிடும். இன்னொன்று, எண்ணை எழுதி முடிக்கும் வரை மற்றவர்கள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் கண் அந்த எண்ணை நோக்கியே சாயும்.

மூலனூர் விவசாயிக்கு நான் சொன்னது பைனாகுலர். இருண்ட வானம் வாசலில், நடுச்சாம விழிப்பு ஏற்கனவே உண்டு, மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்தால் கையும் ஆடாது. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொடுத்தேன். கரண்ட் கணக்கு எழுதும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவருடைய முதல் வரி இப்படி இருக்கிறது: "ஆர் லியோ. ராத்திரி 2.10, உலக நேரம் 20.40, முந்தின தேதி. 56-க்கும் 64-க்கும் நடு, 64 பக்கம் கொஞ்சம். 6.1. நிலா இல்லை. 3 பேஸ் வந்தது 1.55."